மென்பொருள் வாங்குமுன், முடிந்துபோன ஒரு ஜாபை எடுத்துச் சோதியுங்கள்

கேள்வி: திருச்சி துவாக்குடி அருகே என் தந்தை தொடங்கிய ஃபேப்ரிகேஷன் தொழிற்கூடத்தை நான்கு ஆண்டுகளாக நான் நடத்தி வருகிறேன். 48 பேர் வேலை செய்கிறார்கள். கொதிகலன் பாகங்கள், டக்ட், தாங்கு சட்டங்கள் என எந்நேரமும் பத்துப் பன்னிரண்டு ஜாப்கள் ஓடிக்கொண்டிருக்கும். சென்ற ஆண்டு மூன்று ஜாப்கள் தாமதமாகி எல்.டி. (தாமத அபராதம்) பிடித்தம் ஆனது. பைப்பிலும் சேனலிலும் ஸ்கிராப் கூடிக்கொண்டே போகிறது. திட்டமிடல், இயந்திர அட்டவணை, பொருள் சிக்கனம் மூன்றையும் தங்கள் மென்பொருள் ஒன்றே பார்த்துக்கொள்ளும் என்கிறார் ஒரு விற்பனையாளர். எல்லாமே இலவசமாகக் கிடைக்கும்போது பணம் எதற்கு என்கிறார் உடன் படித்த நண்பர். சுவரில் இருக்கும் கரும்பலகையே போதும் என்கிறார் என் தந்தை. எதை வைத்து நான் முடிவு செய்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. ‘இந்த ஜாப் எப்போது முடியும், எது தாமதமானால் டெலிவரி தள்ளிப்போகும்?’ என்பது ஒன்று; இது திட்ட மேலாண்மை சார்ந்தது. ‘இருக்கும் இயந்திரத்தையும் பொருளையும் எப்படிப் பங்கிட்டால் இழப்பு மிகக் குறையும்?’ என்பது மற்றொன்று; இது ஆபரேஷன்ஸ் ரிசர்ச் எனப்படும் செயல்முறை ஆராய்ச்சியைச் சேர்ந்தது. இவை பிறந்த இடமும் வேறு, கணக்கும் வேறு. முதல் கேள்விக்கு எழுதப்பட்ட மென்பொருளிடம் இரண்டாவது கேள்விக்கு விடை எதிர்பார்த்து ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் என்பதால், விற்பனையாளர் ‘மூன்றும் ஒன்றில்’ என்று சொல்லும்போது, அந்த மூன்றில் எதை அந்த மென்பொருள் உண்மையிலேயே கணக்கிடுகிறது, எதைத் திரையில் வரைந்து மட்டும் காட்டுகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் உங்கள் முதல் வேலை.

திட்ட மேலாண்மை மென்பொருள்கள் பெரும்பாலானவற்றின் அடித்தளம் கிரிட்டிக்கல் பாத் முறை. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனமும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து, ஆலைக் கட்டுமானம், பராமரிப்பு ஆகிய வேலைகளுக்காக இதை உருவாக்கின. எந்த வேலை முடிந்தால் எந்த வேலை தொடங்கலாம் என்ற வரிசையையும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் நாள்களையும் கொடுத்தால், மொத்தக் காலத்தைத் தீர்மானிக்கும் நீண்ட சங்கிலி எது என்று அது காட்டும். நல்ல முறைதான். ஆனால் இயந்திரமும் ஆளும் வேண்டும்போதெல்லாம் கிடைக்கும் என்ற ஓர் அனுமானம் அதன் அடியில் இருக்கிறது. உங்கள் கூடத்தில் அந்த அனுமானம் பொய்யாகிற இடத்தில்தான் எல்.டி. பிடித்தம் தொடங்குகிறது.

ஒரு சிறிய கணக்கைச் சொல்கிறேன். இதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். உங்களிடம் ரோலிங் மெஷின் ஒன்றுதான் இருக்கிறது என்றும், கட்டிங்குக்கும் வெல்டிங்குக்கும் ஜாபுக்கு ஓர் அணி வீதம் தனி வசதி இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதல் ஜாபுக்குக் கட்டிங் 3 நாள், ரோலிங் 4 நாள், வெல்டிங் 6 நாள். இரண்டாவது ஜாபுக்குக் கட்டிங் 2 நாள், ரோலிங் 5 நாள், வெல்டிங் 3 நாள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால், கிரிட்டிக்கல் பாத் கணக்கு முதல் ஜாபை 13 நாளிலும் இரண்டாவதை 10 நாளிலும் முடித்துக் காட்டும். நடைமுறையில் அது நடக்காது. இரண்டாவது ஜாபின் பிளேட் 2 நாளிலேயே ரோலிங்குக்கு வந்துவிடும். மெஷின் சும்மா இருக்கிறதே என்று ஃபோர்மேன் அதையே ஏற்றுவார். அப்போது இரண்டாவது ஜாப் 10 நாளில் முடியும், ஆனால் முதல் ஜாப் 17 நாளுக்குப் போய்விடும். மாறாக, மெஷினை ஒரு நாள் காத்திருக்க வைத்து முதல் ஜாபை ஏற்றினால், அது 13 நாளிலும் இரண்டாவது 15 நாளிலும் முடியும். ஒரு நாள் மெஷினை வெறுமனே நிறுத்தியதால் இரண்டு ஜாப்களும் சேர்ந்து முடியும் நாள் இரண்டு நாள் முன்னுக்கு வருகிறது.

இரண்டில் எது சரி என்பது டெலிவரி தேதியையும் அபராதத்தையும் பொறுத்தது. இரண்டாவது ஜாபை 12 நாளில் கொடுத்தாக வேண்டும் என்றால் ஃபோர்மேன் செய்ததே சரி. ஆகவே இந்த ஆறு வரிகளையும் ஒற்றை ரோலிங் மெஷினையும் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு மென்பொருளிலும் உள்ளிட்டுப் பாருங்கள். அரைமணி நேரம் போதும். மெஷின் ஒன்றுதான் என்பதைக் கண்டுகொள்ளாமல் 13, 10 என்றே காட்டினால், அதனிடம் இயந்திர அட்டவணையை எதிர்பார்க்க வேண்டாம். எம்.எஸ். புராஜெக்ட் போன்றவை, ஒரே வளத்துக்கு இரண்டு வேலை விழுந்துவிட்டது என்று சிவப்புக் குறியிட்டு எச்சரிக்கும். ‘லெவலிங்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒன்றைத் தள்ளி வைக்கும். ஆனால் அது எல்லா வரிசைகளையும் அலசிப் பார்த்துச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில்லை. முன்னுரிமை எண், தொடர்பு, உபரி நாள் (தள்ளிப்போனாலும் டெலிவரியைப் பாதிக்காத நாள்) என்று சில விதிகளைக் கொண்டு ஒரு வரிசையைத் தருகிறது, அவ்வளவுதான். அது பிழையல்ல, நூற்றுக்கணக்கான வேலைகளும் பல இயந்திரங்களும் சேரும்போது எல்லா வரிசைகளையும் அலசுவது கணினிக்கும் கடினமான கணக்கு என்பதால், மென்பொருள் எழுதியவர்கள் விதிகளை நம்புகிறார்கள். ஒரே தரவைக் கொடுத்தும் இரண்டு மென்பொருள்கள் வேறுவேறு முடிவு நாளைக் காட்டுவதற்கு இதுவே காரணம். விற்பனையாளரிடம் ‘உங்கள் மென்பொருள் எந்த விதியைக் கொண்டு வரிசைப்படுத்துகிறது, எல்.டி. தொகையை அதற்குச் சொல்ல வழியுண்டா?’ என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான விடை சொல்பவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

இனி, என் ஆலோசனையின் மையத்துக்கு வருகிறேன். விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரித் தரவை வைத்து எந்த மென்பொருளையும் மதிப்பிடாதீர்கள். அது எப்போதும் அழகாகவே ஓடும். சென்ற ஆண்டு தாமதமான மூன்று ஜாப்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏன் தாமதமானது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஃபோர்மேனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆர்டர் நகல், டிராயிங் ஒப்புதல் வந்த தேதி, பிளேட் வந்திறங்கிய ரசீது, ஸ்டோரிலிருந்து எலக்ட்ரோடு கொடுத்த பதிவு, இன்ஸ்பெக்ஷன் அழைப்புக் கடிதம், கேட் பாஸ் என்று அந்த ஜாபின் உண்மையான தேதிகள் அனைத்தும் உங்கள் கோப்பில் இருக்கும். முதலில் அன்று போட்ட திட்டத்தை அப்படியே உள்ளிடுங்கள். பிறகு நடந்ததை ஒவ்வொரு வாரமாக, அந்தந்த வாரத்தில் தெரிந்ததை மட்டும் உள்ளிட்டுக்கொண்டு வாருங்கள். டெலிவரி தள்ளிப்போகும் என்பதை மென்பொருள் எந்த வாரத்தில் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிளேட் பத்து நாள் தாமதமாக வந்தது என்று உள்ளிட்ட அன்றே அது சொன்னால், அந்தக் கருவி உங்களுக்குப் பயன்படும். டெஸ்பாட்சுக்கு நான்கு நாள் முன்பு சொன்னால், அதை உங்கள் ஃபோர்மேனே உங்களுக்குச் சொல்லியிருப்பார்.

இந்தச் சோதனையைச் செய்யும்போது, மாதிரித் தரவில் ஒருபோதும் வராத சிக்கல்கள் தாமாகவே வெளியே வரும். உங்கள் தொழிலில் வெல்ட் ரேடியோகிராபியை (வெல்டின் உட்குறையைக் கதிர்வீச்சால் படமெடுத்துப் பார்க்கும் சோதனை) பெரும்பாலும் இரவில்தான் எடுப்பார்கள். கதிர்வீச்சு எல்லைக்குள் ஆள்கள் இருக்கக் கூடாது. பகல் ஷிஃப்ட் காலண்டரில் ஓடும் ஜாபுக்குள் இந்த ஒரு வேலைக்கு மட்டும் இரவுக் காலண்டர் வைக்க முடிகிறதா? ஸ்ட்ரெஸ் ரிலீவிங்குக்காக (வெல்டின் உள்அழுத்தம் நீங்கச் சூடேற்றுவது) சனிக்கிழமை மாலை ஃபர்னஸில் ஏற்றியதை ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று பாதியில் நிறுத்த முடியாது. அந்த வேலை விடுமுறையிலும் ஓடுகிறது என்று சொல்ல வழி இருக்கிறதா, அல்லது மென்பொருள் அதைத் திங்கட்கிழமை வரை இழுத்துக் காட்டுகிறதா? இன்ஸ்பெக்டரை அழைத்துவிட்டு அவர் வரும்வரை காத்திருக்கும் மூன்று நாளில் உங்கள் ஆள் எவரும் வேலை செய்யவில்லை, ஆனாலும் அடுத்த வேலையைத் தொடங்க முடியாது. அந்த இடைவெளியை ஆள் கணக்கில் சேராமல் காட்ட முடிகிறதா? முழு நீள வெல்டிங் முடியுமுன்பே, முதல் பகுதி முடிந்தவுடன் கிரைண்டிங் தொடங்கிவிடும். ‘முந்தைய வேலை தொடங்கி இரண்டு நாள் கழித்து அடுத்ததைத் தொடங்கு’ என்ற வகைத் தொடர்பை ஏற்றுக்கொள்கிறதா? திரையின் அழகையும் வண்ணப் பட்டைகளையும்விட இந்த நான்கு கேள்விகளுக்கான விடைகளே உங்களுக்கு உதவும். பல இணையவழிப் பணிப்பட்டியல் செயலிகள், பெயரளவில் கான்ட் வரைபடத்தை (வேலைகளை நாள் பட்டைகளாகக் காட்டும் படம்) காட்டினாலும், இந்த நான்கில் ஒன்றிரண்டிலாவது தடுக்கி விழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, தரவை யார் உள்ளிடுவது என்பது. பல ஆண்டுகளுக்கு முன் நான் திட்டமிடல் பொறியாளராக வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் விலையுயர்ந்த மென்பொருள் ஒன்றை வாங்கினார்கள். முன்னேற்றத்தை உள்ளிடும் பொறுப்பு என்னுடையது. சனிக்கிழமை மதியம் ஷாப்புக்குள் போய் ஒவ்வொரு சார்ஜ்மேனிடமும் ‘எத்தனை சதவீதம் முடிந்தது?’ என்று கேட்டுக் குறித்து வருவேன். ஃபிட்-அப் (வெல்டிங்குக்கு முன் பாகங்களைப் பொருத்துவது) முடிந்தால் ஒருவர் 50 சதவீதம் என்பார், மற்றொருவர் அதே நிலையை 80 என்பார். அந்த எண்களை உள்ளிட்டு திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு நான் எடுத்துச் செல்லும் அட்டவணைக்கும், சார்ஜ்மேன்களின் சட்டைப்பையில் இருந்த குறிப்பேட்டுக்கும் எட்டு மாதத்தில் ஒரு தொடர்பும் இல்லாமல் போயிற்று. உரிமத்தை அடுத்த ஆண்டு புதுப்பிக்கவில்லை. அந்த மென்பொருளில் குறை இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை. சதவீதம் கேட்டதுதான் தவறு. ‘ஃபிட்-அப் இன்ஸ்பெக்ஷன் கையெழுத்து ஆனதா, இல்லையா?’ என்று கேட்டிருந்தால் எல்லோரும் ஒரே விடையைத்தான் சொல்லியிருப்பார்கள். உங்கள் ஜாபை அப்படிக் கையெழுத்தில் முடியும் பத்துப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்; 200 வரிகள் வேண்டாம்.

உங்கள் ஃபோர்மேனை முதல் நாளிலிருந்தே சோதனையில் உட்கார வையுங்கள். அவர் கைபேசியில் ஒரு படியை ‘முடிந்தது’ என்று குறிக்க எத்தனை முறை தொட வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். வாராந்தர அட்டவணையைத் தமிழில் எழுதி, பி.டி.எஃப். ஆக்கி, அச்சிட்டுப் பாருங்கள். திரையில் சரியாகத் தெரியும் தமிழ், சில மென்பொருள்களின் பி.டி.எஃப். கோப்பில் உடைந்துவிடும், ‘கொதிகலன்’ என்ற சொல்லில் கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாகச் சிதறிக் கிடக்கும். ஷாப் சுவரில் ஒட்டப்போகும் தாள் அது என்பதால், எனக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றவில்லை.

ஸ்கிராப் விஷயத்துக்கு வருவோம். செயல்முறை ஆராய்ச்சியின் தொடக்கக் கணக்குகளில் ஒன்றே வெட்டுக் கணக்குதான். 1939-இல் லெனின்கிராடில் ஒரு பிளைவுட் நிறுவனக் கூட்டமைப்பு கொண்டுவந்த உற்பத்திச் சிக்கலிலிருந்து தொடங்கி, பொருளை வீணாகாமல் வெட்டுவது உட்படப் பல பங்கீட்டுக் கணக்குகளுக்கு சோவியத் கணிதவியலாளர் கான்டோரோவிச் ஒரு பொது முறையை எழுதினார். பொருளியலுக்கான நோபல் பரிசை 1975-இல் பொருளியலாளர் கூப்மன்ஸுடன் பகிர்ந்துகொண்டவர் அவர். வணிகக் கணிதம் படிக்கும் மாணவர்கள் மேல்நிலை வகுப்பிலேயே பார்க்கும் நேரியல் திட்டமிடல் இதுவே. 1961-இல் கில்மோர், கோமரி என்ற கணித ஆய்வாளர்கள் இருவரும் பெரிய அளவிலான வெட்டுக் கணக்குகளுக்கு வழி கண்டார்கள்.

உங்கள் கூடத்தில் நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். 6 மீட்டர் நீளமுள்ள பைப்களிலிருந்து 2,100 மி.மீ. துண்டுகள் 20, 1,900 மி.மீ. துண்டுகள் 40 வேண்டும். கட்டர் வழக்கமாக என்ன செய்வார்? பெரியதை முதலில் வெட்டி முடிப்பார். ஒரு பைப்புக்கு இரண்டு வீதம் 10 பைப்களில் 2,100 துண்டுகள் முடிந்துவிடும். ஒவ்வொன்றிலும் 1,800 மி.மீ. மிஞ்சும், அதில் 1,900 துண்டு வராது. பிறகு 1,900 துண்டுகளைப் பைப்புக்கு மூன்று வீதம் வெட்டினால் 14 பைப்கள் ஆகும். மொத்தம் 24. இதற்குப் பதிலாக ஒவ்வொரு பைப்பிலும் ஒரு 2,100, இரண்டு 1,900 என்று வெட்டினால் 5,900 மி.மீ. பயன்படுகிறது, மூன்று வெட்டுக்கும் பிளேடு தின்னும் கனம் போக மீதி 100 மி.மீ.க்கும் குறைவு. இருபதே பைப்களில் எல்லாம் முடிந்துவிடும். தேவையான மொத்த நீளம் 118 மீட்டர்; அதை 6-ஆல் வகுத்தால் 19.67 வருவதால், 20-க்குக் கீழே எவராலும் போக முடியாது என்பதும் உறுதி.

கடைசியாகப் போட்ட அந்த வகுத்தலை மறக்காதீர்கள். ‘இதற்கு மேல் குறைக்கவே முடியாது’ என்ற எல்லையைக் கணக்கிட்டுச் சொல்வதுதான் உண்மையான செயல்முறை ஆராய்ச்சி மென்பொருளின் அடையாளம். ஒரு விடையைத் தந்து, அது சிறந்த விடையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு விலகி இருக்கக்கூடும் என்பதையும் அது சொல்லும். செயற்கை நுண்ணறிவு அட்டவணை போட்டுவிடும் என்று உங்களிடம் எவரேனும் சொன்னால், ‘இந்த அட்டவணைக்கும் சாத்தியமான மிகச் சிறந்த அட்டவணைக்கும் இடையே எத்தனை சதவீத இடைவெளி?’ என்று கேளுங்கள். எல்லையைக் கணக்கிடாமல், சில விதிகளைக் கொண்டே நல்ல விடையைத் தரும் விதிமுறை மென்பொருள்களும் உண்டு, அவற்றை வாங்குவதிலும் தவறில்லை. ஆனால் விதிமுறையை விற்பவர் மிகச் சிறந்த தீர்வு என்ற பெயரில் விலை சொல்லக் கூடாது.

மேலே சொன்ன அளவிலான வெட்டுக் கணக்குக்கு நீங்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை. எக்செலில் இருக்கும் சால்வர் வசதியே போதும்: வெட்டும் முறைகள் ஒவ்வொன்றையும் ஒரு கட்டத்தில் எழுதி, ஒவ்வொன்றும் எத்தனை பைப்புக்கு என்பதை முழு எண்ணாகக் கண்டுபிடிக்கச் சொன்னால் நொடியில் முடிந்துவிடும். அந்த இயல்பான சால்வர் 200 மாறிகளோடு நின்றுவிடும். நீளங்கள் பத்துப் பதினைந்து வகையாகும்போது முறைகள் அதைத் தாண்டிவிடும். அப்போது ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான ஓபன்சால்வர் என்ற இலவச இணைப்பை அதே எக்செலில் பயன்படுத்தலாம். பிளேட்டில் வளைந்த வடிவங்களை வெட்டுவது வேறு வகைக் கணக்கு, உங்கள் சி.என்.சி. கட்டிங் மெஷினோடு, வடிவங்களைப் பிளேட்டில் நெருக்கி அடுக்கும் நெஸ்டிங் மென்பொருள் ஏற்கெனவே வந்திருக்கக்கூடும், புதிதாக வாங்குமுன் அதைத் திறந்து பாருங்கள்.

ஆனால் ஒன்றை அக்கறையோடு சொல்ல வேண்டும். கொதிகலன் வேலையில் ஸ்கிராப் கூடுவதற்கு வெட்டுத் திட்டம் மட்டுமே காரணமாக இருப்பதில்லை. பைப்பின் ஹீட் எண்ணை (எந்த உருக்குத் தொகுதியில் வந்தது என்று காட்டும் எண்), வெட்டுவதற்கு முன்பே மிஞ்சும் துண்டின்மேல் பஞ்ச் செய்து மாற்றாவிட்டால், அது இரண்டு மீட்டர் நீளமிருந்தாலும் அழுத்தம் தாங்கும் பாகத்துக்கு உதவாது. எந்தச் சான்றிதழுக்குரிய பொருள் என்று காட்ட முடியாது. உங்கள் ஸ்கிராப் குவியலுக்கு ஒரு நாள் நேரில் போய், ஒரு மீட்டருக்கு மேற்பட்ட துண்டுகளைத் தனியே எடுத்து வைத்து, எத்தனையில் ஹீட் எண் இருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் எண் இல்லாமல் இருந்தால் உங்களுக்கு முதலில் தேவை ஒரு பஞ்ச் செட்டும், மிச்சத் துண்டுகளுக்கு ஒரு பதிவேடும். வெட்டுக் கணக்கு மென்பொருளைச் சோதிக்கும்போதும், ஸ்டோரில் இருக்கும் மிச்சத் துண்டுகளை ஹீட் எண் வாரியாக அது கணக்கில் எடுத்துக்கொள்கிறதா என்பதை அவசியம் பார்க்க வேண்டும்.

உங்கள் நண்பர் சொன்னதில் உண்மை உண்டு. பல இயந்திரங்களுக்கு அட்டவணை போடும் கணக்குக்குக் கூகுளின் ஓ.ஆர்.-டூல்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் தரத்தைக் குறை சொல்ல முடியாது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான ஹைஸ் என்ற தீர்வியும் (இத்தகைய கணக்குகளுக்கு விடை காணும் மென்பொருள்) அப்படியே. குரோபி, சிப்ளெக்ஸ் போன்ற விலையுயர்ந்த வணிகத் தீர்விகள் விமான நிறுவனங்கள், சுத்திகரிப்பு ஆலைகள் போன்ற பெரிய இடங்களின் கணக்குகளுக்கானவை. 48 பேர் கொண்ட கூடத்துக்கு இப்போது தேவைப்படாது. ஆனால் இலவசத் தீர்விக்கு உங்கள் கூடத்தின் நிபந்தனைகளை நிரலாக எழுதித் தர ஓர் ஆள் வேண்டும், அவர் போன பிறகும் அதைத் திருத்தத் தெரிந்த ஆள் வேண்டும். மென்பொருளின் விலை பூஜ்யமாக இருக்கலாம். அந்த ஆளின் ஊதியத்தை நீங்கள் செலவுக் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும். அருகில் என்.ஐ.டி. இருக்கிறது. இறுதியாண்டு மாணவர் ஒருவரின் திட்டப்பணியாக ரோலிங், வெல்டிங் ஆகிய இரண்டு பிரிவுகளுக்கு மட்டும் இதை முயன்று பார்க்கலாம், ஆனால் டெலிவரியை அதன்மேல் ஏற்றிவிடாதீர்கள்.

திட்ட மேலாண்மைப் பக்கம் எதைச் சோதிப்பது என்று நேரடியாகவே சொல்கிறேன். உங்கள் வாடிக்கையாளர் எவரேனும் அட்டவணையைப் பிரைமவேரா கோப்பாகவே தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தவிர, பிரைமவேரா பி6 உங்களுக்கு வேண்டாம்; அது பெரிய கட்டுமானத் திட்டங்களுக்கான கருவி, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் முழு நேரமும் உட்கார வேண்டியிருக்கும். எம்.எஸ். புராஜெக்டின் மேசைக்கணினிப் பதிப்பு, நான் மேலே கேட்ட நான்கு கேள்விகளையும் தாங்கும். புராஜெக்ட்லிப்ரே அதே வகையைச் சேர்ந்த இலவச மென்பொருள், எம்.எஸ். புராஜெக்ட் கோப்புகளையும் திறக்கும். முதல் சோதனையை இதில் செய்துவிடுங்கள், பணம் கொடுப்பது பிறகு இருக்கட்டும். சென்னையைச் சேர்ந்த ஸோஹோவின் புராஜெக்ட்ஸ், பலர் கைபேசியில் சேர்ந்து குறிப்பதற்கு வசதியானது. காலண்டர் கேள்விகளில் உங்கள் ஜாபை வைத்தே அதைச் சோதியுங்கள்.

எதை வாங்கினாலும், வெளியேறும் வழியை வாங்குமுன்பே நடந்து பாருங்கள். புராஜெக்ட் ஆன்லைன் என்ற சேவையை 2026 செப்டம்பர் 30-உடன் நிறுத்துவதாக மைக்ரோசாஃப்டே அறிவித்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் சேவைக்கே முடிவு தேதி வரும் என்றால், சிறிய விற்பனையாளரின் சேவையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சோதனைக்காக உள்ளிட்ட ஜாபை வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்து, வேலைகளின் பெயர்கள் மட்டுமன்றி, தொடர்புகளும் உண்மையில் தொடங்கி முடிந்த தேதிகளும் காலண்டரும் வந்து சேர்ந்தனவா என்று சரிபாருங்கள். விலைப்பட்டியலில், ஃபோர்மேனும் ஸ்டோர்கீப்பரும் தனித்தனிப் பயனர்களாக எண்ணப்படுகிறார்களா, இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, பயிற்சிக்குத் தனிக் கட்டணமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் மூன்று வாரம் போதும். முதல் வாரத்தில் ரோலிங் மெஷின் கணக்கையும் பைப் கணக்கையும் எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்து, இரண்டு மென்பொருள்களை மட்டும் மீதி வையுங்கள். இரண்டாவது வாரத்தில் தாமதமான பழைய ஜாபை அந்த இரண்டிலும் உள்ளிடுங்கள். மூன்றாவது வாரத்தில் இப்போது ஓடும் ஒரே ஒரு ஜாபை ஃபோர்மேனே உள்ளிடட்டும். நீங்கள் அருகில் இருந்து பார்த்தால் போதும். ‘மூன்றும் ஒன்றில்’ விற்பவரையும் இதே சோதனைக்கு அழையுங்கள். உங்கள் தரவில் ஓட்டிக்காட்ட அவர் தயங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

உங்கள் தந்தையின் கரும்பலகையைக் கழற்ற வேண்டாம். கூடத்தில் இருக்கும் 48 பேரும் பார்க்கும் ஒரே அட்டவணை அதுதான், அதை எழுதும் கைக்கு அங்கே மதிப்பும் இருக்கிறது. மென்பொருள் திங்கட்கிழமை காலை தரும் வரிசையை அவரே அந்தப் பலகையில் எழுதட்டும். எழுதும்போது ‘இது நடக்காது’ என்று அவர் ஏதாவது ஒரு வரியில் நிறுத்தினால், ஏன் என்று கேட்டு, அவர் சொல்லும் காரணத்தை அன்றே மென்பொருளில் ஒரு நிபந்தனையாக ஏற்றிவிடுங்கள்.